ஏரிக்கரைச் சந்தையில் ரூத்து செய்த போணி

என் அருமை எஸ்தருக்கு,

நம் பெண் ஜெயித்துவிட்டாள். வழக்கம்போல உன் கல்லறைப் பக்கம் வந்து முணுமுணுத்துவிட்டுப் போகிற சேதி இல்லை இது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் சபைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

ரூத்து தான்சானியாவுக்கு ஊழியத்துக்குப் போனபோது நீ இருந்தாய். நீ ஜெபம் பண்ணி அனுப்பினாய். பாத்திரக் கடைக்கு ஆள் இல்லாமல் போகிறதே என்று நான் புலம்பினேன். நீ போன பிறகு மிஷனில் அவளை நகரத்திலிருந்து வேறு ஊழிய ஏரியாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். ஆலயம் கிடையாது, தெரிந்த முகம் கிடையாது, ஒரு வாடகை அறை மட்டும். ஈஸ்டருக்குள் அங்கே ஒரு சின்ன ஜெபக் கூட்டமாவது சேராவிட்டால் அந்த ஏரியாவை மூடிவிட்டு அவளை ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மூடட்டும் என்றுதான் நான் இருந்தேன். பிள்ளையார்பாளையம் கடை மாடியில் அவளுக்கு ஒரு மேசைகூட வாங்கிப் போட்டுவிட்டேன்.

முதல் வாரமே போனில் அழுதாள். "கதவைத் தட்டினா ஜன்னல் வழியா பாத்துட்டு உள்ள போயிடறாங்கப்பா. சந்தையிலகூட ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க."

"நீ இன்னாம்மா பண்ண?"

"தக்காளி வாங்கப் போனேன். அந்தம்மா அப்பதான் கடை விரிச்சிக்கினு இருந்தாங்க. பாதி விலைக்குக் கேட்டேன். கூடையை மூடிட்டுத் திரும்பி உக்காந்துக்கினாங்க."

என்ன செய்வது, என் ரத்தம். உன் கல்லறைக் கல்லுக்கே பேரம் பேசியவன் பெற்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும்? "கெளம்பி வந்துடு கண்ணு" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

நம் கடையில் காலையில் முதல் விற்பனை, அந்தப் போணி, எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியும். கைராசிக்காரர் வந்து ஒரு கரண்டி வாங்கினாலும் போதும், பணத்தைக் கண்ணில் ஒற்றித்தான் கல்லாவில் போடுவேன். நீ விடுவாயா? "ஞாயித்துக்கெழமை முன்பெஞ்சுல உக்காந்துக்கினு, திங்கக்கெழமை கைராசி பாக்கறீங்களே, கர்த்தருக்குத் தெரியாதுன்னு நெனப்பா?" என்பாய். அந்தச் சண்டையை எல்லாம் பள்ளிக்கூடப் பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவள்தானே அவள்!

மறுநாள் விடிவதற்குள் அதே தக்காளிக்கார அம்மாவிடம் போய் நின்றிருக்கிறாள். சொன்ன விலையைக் கொடுத்திருக்கிறாள்.

"இன்னிக்குப் பேரம் இல்லையா?" என்று அந்த அம்மா நக்கலாகக் கேட்டார்களாம்.

தெரிந்த கொஞ்சம் சுவாஹிலியில் இவள் சொன்னாளாம்: "எங்கப்பா கடை வெச்சிருக்காரு. மொதல்ல வாங்கறவங்க கை நல்லா இருந்தா நாள் பூரா விக்கும்னுவாரு. எங்கம்மாவா இருந்தா ஜெபம் பண்ணுன்னுவாங்க. நான் ஜெபம் பண்ணிட்டு மொதல் ஆளா வந்திருக்கேன்."

அன்றைக்கு மத்தியானத்துக்குள் கூடை காலி.

அப்புறம் கேட்க வேண்டுமா? மறுநாள் மீன்காரி அவள் கையைப் பிடித்து, நாளைக்கு என்னிடம்தான் முதலில் வாங்க வேண்டும் என்றாள். அதற்கடுத்து வாழைப்பழக்காரி சண்டைக்கு வந்தாள். "அவ்ளோத்தையும் வாங்கி இன்னாம்மா பண்ற?" என்று நான் கேட்டதற்கு, "தெருவுக்கே ரசம் வெக்கறேன்பா. மூடின கதவெல்லாம் இப்ப டம்ளர் எடுத்துக்கினு வருது" என்று சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பு, எஸ்தர்!

ஈஸ்டர் அன்று ஆராதனையை வீடியோவில் காட்டினாள். அவள் அறையில் பெஞ்சு ஏது? சந்தைப் பெண்கள் ஆளுக்கொரு கூடையோடு வந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் வாசலிலும் கூடைகள். முன்வரிசையில் அந்தத் தக்காளிக்கார அம்மா. ஏரியாவை மூடுகிற பேச்சை இனி யாரும் எடுக்கமாட்டார்கள்.

கடை நடுவில் நின்று "அல்லேலூயா!" என்று கத்திவிட்டேன். குடம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னா மொதலாளி, லாட்டரி அடிச்சிட்ச்சா?" என்றார். "அதுக்கும் மேலபா" என்றேன். மாடி மேசையில் இப்போது குடம் அடுக்கியிருக்கிறேன்.

ஜெபம்தான் ஜெயித்தது என்று நீ சொல்வாய். இருக்கட்டும். ஆனால் என் கைராசிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வாயா, மாட்டாயா?

பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வருகிற கிறிஸ்துமஸுக்கு, இவ்வளவு பேருக்கும் ரசம் வைக்கிற மாதிரி ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறேன். விடியும்போது அந்தத் தக்காளிக்கார அம்மாவுக்கு நானே போணி பண்ணுவேன். சொன்ன விலையைக் கொடுப்பேன். பேரம் பேசமாட்டேன், உன்மேல் ஆணை.

இப்படிக்கு,
ரூத்துக்கு அப்பன், என்றும் உன் வீட்டுக்காரன்