முயல் அறையைக் காலி செய்துவிட்டோம், அக்கா

என் செல்ல அக்கா,

நீ வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இன்று எழுதுகிறேன் என்றால், நல்ல செய்தி இல்லாமலா? நம் ஆய்வகத்தில் முயல் அறையைக் காலி செய்துவிட்டோம். கூண்டுகளை லாரியில் ஏற்றும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் ஒரே ஆய்வகத்தில் நாம் இருவரும் வேலை பார்த்தோம். ஷாம்பு, சோப்பு, தரை கழுவும் திரவம், எதுவானாலும் கண்ணில் பட்டால் கெடுதலா என்று சோதித்துச் சொல்லும் இடம். நீ முயல்களைப் பராமரித்தாய், நான் அவற்றின் கண்ணில் சொட்டு விட்டேன். எண் மட்டுமே இருக்க வேண்டிய முயல்களுக்கு நீ யோங் பெங் ஊரில் இருக்கும் நம் உறவுக்காரர்களின் பெயர்களை வைத்தாய். கடிக்கிற முயலுக்குப் பெரியத்தை பெயர். இவற்றை விட்டுவிட்டு வேறு வழி தேடலாம் என்று என்னிடம் தினமும் வாதாடுவாய்.

சோதனை நாளில் மட்டும் நீ வேறு ஆள். "நான் பிடிச்சிக்கிறேன், நீ ஊத்து. ஆனா வீட்டுக்குப் போற வழியில எங்கிட்ட பேசாத," என்பாய்.

"யாராச்சும் செஞ்சுதானே ஆகணும்கா?" என்று நான் காரில் ஆரம்பித்தால், சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். எனக்குக் கோபம் கோபமாக வரும். அது உன் மேல் வந்த கோபம்தானா?

இப்போது கதைக்கு வருகிறேன். முயலுக்குப் பதிலாக ஒரு புது முறை வந்துவிட்டது. மனிதர்கள் தானமாகக் கொடுத்த செல்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வளர்த்து, கண்ணின் மேல்தோல் போலவே ஆக்கி அனுப்புகிறார்கள். அதன்மேல் ஷாம்புவை விட்டு, கழுவி, மஞ்சள் சாயம் ஊற்ற வேண்டும். செல்கள் உயிரோடு இருந்தால் சாயம் ஊதாவாக மாறும். செத்திருந்தால் மாறாது. அவ்வளவுதான். பயிற்சியெல்லாம் முடித்துவிட்டோம். முதல் உண்மையான வேலையாக ஒரு குழந்தை ஷாம்பு வந்தது.

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "புதன்கிழமை காலையில அந்த செல்லு பெட்டி கையில இல்லைன்னா, முயல்லயே ஆரம்பிச்சிரு." அறையில் மூன்று முயல்கள் மிச்சம் இருந்தன.

செவ்வாய்க்கிழமை பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. தப்பு என்னுடையதுதான். ஒழுங்காக வேலை செய்கிறேன் பேர்வழி என்று படிவத்தில் 'மனிதக் கண் திசு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். ஓடினேன். அங்கே இருந்த அதிகாரி நம் தமிழ் ஆள்தான், பெட்டியைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"அலமாக், மனுசக் கண்ணுன்னு போட்டிருக்கீங்க. நான் எப்படிலா விடுறது? யாரோட கண்ணும்மா இது?"

"கண்ணு இல்லைங்க சார், லேப்ல வளர்த்த செல்லு. இது இன்னிக்கு வரலைன்னா, நாளைக்கு முயல் கண்ணுல ஷாம்பு ஊத்தணும். நான்தான் ஊத்தணும்."

'நான்தான்' என்றேன், அக்கா. இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னதே அன்றுதான். அவர் படிவத்தை மறுபடி எடுத்துப் படித்தார். "கண்ணு இல்லைன்னு கம்பெனி சாப் குத்தி, லெட்டர் ஒன்னு கொண்டாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்," என்றார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முத்திரை வைத்த கடிதத்தை நீட்டினேன். பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சோதனை. தண்ணீர் விட்ட கிண்ணங்கள் ஊதா. கெடுதல் என்று தெரிந்த ரசாயனம் விட்டவை வெளுத்தே கிடந்தன. ஷாம்பு விட்டவை? நல்ல கத்தரிக்காய் நிறம். ஆய்வகம் என்றும் பாராமல் விசில் அடித்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் கண் சோதனைக்கும் முயல் கேட்கவில்லை. உலகத்தில் எல்லாச் சோதனையும் மாறிவிடவில்லை, தெரியும். நம் இடத்தில் மாறிவிட்டது. நம் காவலாளி மூன்று முயல்களையும் பொந்தியானில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். போனில் படம் அனுப்புகிறார். பெரியத்தை பேர் வாங்கியது அவரையும் கடித்துவிட்டதாம்.

அடுத்த வாரம் வேறு ஆய்வகங்களிலிருந்து பத்துப் பேர் இதைக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆரம்பத்திலிருந்தே முயல்களுக்காக வாதாடியவள் என்று மேனேஜர் என்னை அறிமுகப்படுத்தப் போகிறாராம். கேட்டதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பெருமையை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். எழுந்து நின்று, "வாதாடினது எங்க அக்கா. சொட்டு விட்டது நான்," என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்பை ஆரம்பிப்பேன்.

இனி எந்த நாளும் நாம் பேசலாம் என்று காத்திருக்கும்,
உன் ஒரே தங்கச்சி.