கட்டுனவன் ஏறணும்

3 மே, வெள்ளி

ஷைனி அக்கா பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். கூடவே அவள் புருஷன் வால்டர். இந்த வெயிலில் அக்கா முழுக்கை சுடிதார் போட்டிருக்கிறாள். "இன்னாக்கா, குளிருதா?" என்றேன். சிரிக்கவில்லை.

4 மே

கை கழுவும்போது அவள் ஸ்லீவ் மேலே ஏறியது. நாலு விரல் பதிந்த கறுப்பு. அதற்கு மேல் இஸ்திரிப் பெட்டி முனை அளவுக்கு ஒரு தழும்பு.

அம்மாவிடம் சொன்னேன். "அது புருஷன் பொண்டாட்டி விசயம்டா. பாலிடெக்னிக்க வுட்டுட்டு சுத்துறவன், உனுக்கு இன்னா தெரியும்?"

படிப்ப வுட்டவனுக்குச் சுட்ட காயம் தெரியாதா?

6 மே

காலடிப்பேட்டை டீக்கடையில் எவனோ என் மேல் டீயைச் சிந்தினான். சாரி சொன்னான். அப்புறமும் அடித்தேன். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். மொஹ்சின் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். "மச்சான், நீ அடிக்க வேண்டிய ஆளு இவன் இல்லடா." தோஸ்து. வீட்டுக்கு வெளியே அவனுக்கு மட்டும்தான் எல்லாம் சொல்லியிருந்தேன்.

8 மே

வால்டருக்குக் கட்டுமரம் ஏறணுமாம். ஆபீஸ்காரனுங்களுக்கு வீடியோ காட்டணுமாம். "உங்கப்பன் மரம் சும்மாத்தானே கீது மச்சான். ஞாயித்துக்கிழமை எறக்கு."

அப்பா போய் மூன்று வருடம். மரம் இப்போது என் பொறுப்பு.

நாலு கட்டை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் காயப் போடுவோம். இறக்கும்போது மறுபடி கட்டுவோம். பின்கட்டில் ஒரு சுற்று குறைந்தால் மணலில் தெரியாது. அலையில் தெரியும். கட்டை ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். தலையில பட்டா?

அதனால்தான் எங்கள் குப்பத்தில் கட்டியவன் முதலில் ஏறணும். அவன் ஏறாத மரத்தை எவனும் தொடமாட்டான். வால்டர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அவனுக்கு இது தெரியாது.

அக்காவுக்குத் தெரியும். அவள் அன்றைக்கு வரக் கூடாது.

11 மே, சனி

மத்தியானம் அவர்கள் ரூமில் சத்தம். குழம்பில் உப்பு கம்மியாம். கதவைத் தட்டினேன். "இன்னா மச்சான்?" என்று வால்டர் சிரிக்கிறான். பின்னால் அக்கா துப்பட்டாவால் உதட்டைத் துடைக்கிறாள்.

ஒரு சுத்து இல்ல. ரெண்டு கொறைக்கணும்.

19 மே

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

போன ஞாயிறு பீச் முழுக்க லீவுக் கூட்டம். வீடியோ எடுக்கச் சொல்லி அக்காவையும் இழுத்து வந்திருந்தான். "நீ உக்காரு மாமா, தள்ளிவுட்டு ஏறிக்கறேன்" என்றேன். முட்டித் தண்ணீரில் வால்டரோடு மரம் மிதந்தது. நான் ஏறவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். பின்கட்டைப் பார்த்தாள்.

"நீ ஏறல?"

இல்லையென்று தலையாட்டினேன். போனை மணலில் எறிந்துவிட்டு நேராகத் தண்ணீரில் இறங்கி வந்து மரத்தில் உட்கார்ந்தாள். "கட்டுனவன் ஏறலன்னா நான் ஏறுறேன்."

அய்யோ, எறங்குக்கா, எறங்குடின்னு கத்துறேன். எதிரே அலை எழும்பிடுச்சு. கயிற்றைப் பிடித்து இழுத்துச் சுற்றப் பார்த்தேன். அலை அடித்தது. கட்டைகள் வாய் மாதிரித் திறந்து, மூடின. நடுவில் என் வலது கை. வலிக்கு முன்னாடி சத்தம்தான் கேட்டது.

அக்கா தள்ளிப் போய் விழுந்தாள். வால்டர் நுரையில் உருண்டு கரைக்கு வந்தான். ஒரு கீறல் இல்லை. எழுந்ததும் அவள் முடியைப் பிடித்தான். "இன்னா மரம்டி கட்டுனான் உன் தம்பி?" பளார். இன்னொன்று. கூட்டம் மாங்காய் தின்றுகொண்டே பார்த்தது.

துடுப்பு கரை ஒதுங்கிக் கிடந்தது. அக்கா எடுத்தாள்.

முதல் அடியில் அவன் தோளெலும்பு போனது. ரெண்டாவதில் முட்டி போட்டான். "ஷைனி, வேணாம்மா" என்று கை கூப்பினான். மூன்றாவதைத் தலைக்கு ஓங்கினாள். ஓடி வந்த மொஹ்சின் துடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

22 மே

வலது கையில் ரெண்டு விரல் இல்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் ஒரே தடவைதான் பேசினாள். "அவன் செத்திருந்தா நீ ஜெயிலு. அப்புறம் எனக்கு யார்டா?"

2 ஜூன், ஞாயிறு

வால்டர் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தனியாகவே பெங்களூர் போய்விட்டான். போலீஸுக்கும் போகவில்லை. "பொண்டாட்டி அடிச்சான்னு எழுதிக் குடுப்பானா மாமு?" என்று மொஹ்சின் சிரிக்கிறான். அம்மா அக்காவின் துணிகளைப் பீரோவில் அடுக்கிவிட்டாள்.

இன்று காலை அக்கா அரைக்கை நைட்டியோடு கரைக்கு வந்தாள். தழும்பை மறைக்கவில்லை. கட்டைகளைச் சேர்த்தாள். கயிற்று முனையை என் இடது கையில் கொடுத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டையில் காலை ஊன்றி இழுத்தாள். நான் எண்ணவில்லை, அவள் எண்ணினாள்.

தள்ளினோம். முதலில் அவள் ஏறினாள்.

"இன்னாடா பாத்துகினு கீற? ஏறு."