ஜாமில் ஒட்டிய பக்கம்

என் செல்ல மகனுக்கு,

மருமகள் மேவிஸுக்கு வேல்ஸ் மலைக்காற்று ஒத்துக்கொள்கிறதா? ஈர சாக்ஸோடு திரியாதே.

நம் கார் பெட்டிகளில் வந்த நாள் நினைவிருக்கிறதா? பாகங்களாக வாங்கினால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது என்று சட்டம். அதனால் கம்பெனிக்காரர்கள் கழற்றும் முறையை அச்சடித்துத் தந்தார்கள். நான் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிக்கப் படிக்க, நீ பூட்டினாய். "சேப்பல்ல பைபிள் வாசிக்கற மாதிரி இழுக்காதம்மா, அடுத்தத சொல்லு!" என்று கத்தினாய். வீட்டுக் கணக்கைப் போல, முடிந்த ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் குறி போட்டேன்.

இன்று காலை அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். நடுவில் இரண்டு பக்கங்கள் என் பிளம் ஜாமில் ஒட்டியிருந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குறிகூட இல்லை. ஸ்டியரிங் நட்டு கழலாமல் குறுக்கே செருகும் பின்னைப் பற்றிய பக்கம் அது. அன்று மேசையடியில் கிடந்த அந்தப் பின்னை என் கொண்டை ஊசி என்று நினைத்து, பொத்தான் டப்பாவில் போட்டது நான்தான்.

நீங்கள் அந்தக் காரில் இறங்க வேண்டிய மலைச்சாலையைப் பற்றி எழுத மாட்டேன்.

தந்தி அடித்தால் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பாய். அதனால் பக்கத்து வீட்டு ஹோரஸ் மோட்டார் சைக்கிளில் இதைக் கொண்டு வருகிறார். "புது மாப்பிள்ளை எங்க விடிஞ்சதும் எழுந்திரிக்கப் போறான்? அதுக்குள்ள போயிடுவேன், அழாதீங்க" என்கிறார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கர்த்தரிடம் சொல்லிவிட்டேன்.

வண்டியைத் தொடாதே. பஸ்ஸில் வாருங்கள். நாளை மத்தியானத்திலிருந்து நிறுத்தத்தில் நிற்பேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இறங்கி வந்து, என் முகத்துக்கு நேராகத் திட்டு.

உன் அம்மா