பின் சீற்றில் விதைநெல்

செட்டிபாளையம்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் மதுஷனுக்கு,

கிரிசாந்த் எழுதுவது. டோகா வெயிலில் நீ வாடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கு கச்சான் காற்று. கராஜுக்குள் நாள் முழுக்க மண். மற்றப்படி எல்லோரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் வீக்கம் குறைந்துவிட்டது. நேற்றும் கோயிலுக்கு நடந்துதான் போனார்.

வட்சப்பில் சொல்லாமல் கடதாசியில் எழுதக் காரணம் இருக்கிறது. குரல் பதிவு என்றால் பாதியில் நிறுத்திவிடுவாய். உன் அறையில் இருக்கும் சுதாகரன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கடைசிவரை வாசி.

முதலில் நீ தந்த வேலை. கலியாணம் முடித்து ஊரிலேயே நின்று வாடகைக்கு ஹயர் ஓடப் போகிறேன், பாவித்த சின்ன ஜீப்பாக ஒன்று பார் என்றாய். மூன்று பார்த்தேன்.

பெற்றோலில் ஓடுவது கல்லடியில் நின்றது. கடற்கரையோரம் வருடக்கணக்காக நின்ற வாகனம், வெளியே மட்டும் புதுப் பெயின்ற். மிதியடியைத் தூக்கினால் கீழே றோட்டுத் தெரிகிறது. உள்ளுக்குக் காற்று வரும்தானே தம்பி என்றார் சொந்தக்காரர். வந்துவிட்டேன்.

எலக்ற்றிக் ஒன்று மட்டக்களப்பு டவுனில், ஸில்மியா என்ற ரீச்சருடையது. ஒழுங்கான வாகனம், ஒழுங்கான மனுசி. பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார். பள்ளிக்கூடம் போய்வர அது நல்லது. கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஹயர் ஓட உதவாது. நீ வழியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நிற்க, பயணி மேலே போகும் பிளேனுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்பான்.

மூன்றாவது, நீ முக்கியமாகப் பார்க்கச் சொன்ன, பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட். உனக்கு மாமனாராக வரப்போகிற கோணாமலை, வெளியில் போகிற விலையைவிடக் குறைத்து உனக்குத் தருவதாகச் சொன்னது. தேற்றாத்தீவுக்குப் போனேன். பத்தினிப்பிள்ளை மாமி தேத்தண்ணியும் பணியாரமும் தந்து, மாப்பிள்ளையின் கூட்டாளி என்று பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஓடிப் பாருங்க மனெ, தண்ணி மாதிரிப் போகும் என்றார் கோணாமலை.

கல்லடிப் பாலம் வரை ஓடினேன். பாலத்தில் ஏறும்போது பற்றரி கைவிட்டுவிட்டது, எஞ்சின் மட்டும் கிடந்து கத்தியது. பக்கத்தில் இருந்த கோணாமலை, மேட்டில ஏறக்குள்ள ஆரெண்டாலும் கொஞ்சம் முக்கத்தானே செய்வாங்க என்றார்.

வீட்டுக்குத் திரும்பி ஸ்கானரைப் போட்டேன். பற்றரி பலமுறை கொதித்திருக்கிறது. பின் சீற்றின் பக்கத்தில் பற்றரிக்குக் காற்றுப் போக ஒரு வலைத்துளை இருக்கும். அதைத் தேடினால் காணவில்லை. பொலித்தீன் வைத்து, நாலு பக்கமும் செலோரேப் போட்டு, அழகாக ஒட்டியிருந்தது. அவரே பெருமையாகச் சொன்னார்: வயல் வட்டையில இருந்து விதைநெல்லு கொண்டு வாறது இதிலதான் மனெ. ரெக்டர்ல ஏத்தினா மழையில நனைஞ்சு வழியிலேயே முளைச்சிரும். பின் சீற்றில அடுக்கினன். மூட்டையில இருந்து பதர் அந்த ஓட்டைக்குள்ள போச்சு. மறுகா நான்தான் ஒட்டினன், இப்ப ஒரு பதர் போகாது.

அது பற்றரியின் மூக்கு, மூக்கைப் பொத்தினால் நீங்களும் கொதிப்பீங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிழையெண்டா லைற் எரியுமே, எரியல்லையே என்றார்.

அப்போதுதான் கதவடியில் நின்ற உன் சர்மிலா வாய் திறந்தாள். அப்பா, பிள்ளையாரை எடுத்தாத் தெரியும் என்றாள். மீற்றர் கண்ணாடியில் சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. உரித்தேன். பின்னால் சிவப்பு முக்கோணம் எரிந்துகொண்டிருந்தது. ஏமாற்ற ஒட்டினதாக நான் நினைக்கவில்லை. வாகனத்தைப் பிள்ளையார் பாத்துக்கொள்வார் எண்டு ஒட்டினன் என்று கோணாமலை சொன்னபோது முகத்தில் கள்ளம் இருக்கவில்லை.

பற்றரி பாதி செத்துப்போச்சு என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். சொன்ன விதம் பிழை என்கிறார் என் அம்மா. சொன்ன அளவு சரி.

கோணாமலைக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தம் போடவில்லை, துவாயை உதறித் தோளில் போட்டார். கழட்டிப் பாக்க ஆள் அனுப்பின மனிசன், நாளைக்கு இந்த வீட்டுக்கு வந்தா அத்திவாரத்தையும் தோண்டிப் பாப்பாரோ. எனக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டா நானே குறைநிறை சொல்லியிருக்க மாட்டனோ என்றார். இனி நீயே எடுத்துக் கதைக்காமல் கலியாண கார்ட் அடிக்கக் கொடுப்பதில்லை என்றும் சொன்னார். இதுதான் இப்போதைய நிலைமை.

அன்றிரவு உனக்கு ஒரு வரி போட்டேன், பற்றரி சரியில்லை என்று. நான் எது கேட்டாலும் பதில் போட இரண்டு நாள் எடுக்கிற நீ, உடனே போட்டாய்: அப்ப அது சரிவராதுதானே, நீயே அவங்களுக்குச் சொல்லிவிடு. எதைச் சொல்லிவிட என்று அப்போது விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சர்மிலா அந்த ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தாள். மாமியும் கூட வந்தார். வாசலில் நிற்கிற லொறியைச் சுற்றி ஒரே வெட்டில் திருப்பி உள்ளே விட்டாள். என் பொடியன்களே இரண்டு தரம் முன்பின் எடுப்பார்கள். பற்றரிக் காற்றாடியைக் கழற்றினேன். அரைச் சுண்டளவு பதர் வந்தது. வீட்ட கோழிக்குக் குடுக்கலாம், கட்டித் தாங்க அண்ணன் என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்காமல்தான் அடுத்ததைக் கேட்டாள்.

சித்திரைக்குப் பிறகு அவர் எனக்கு ஒருக்காவும் போன் எடுக்கல்ல, வாகனத்தைப் பற்றி மட்டும் உங்களிட்டக் கேக்கிறார். வாகனத்தில பிழையிருந்தா அதைச் சொல்லுங்க, நான்தானே பிள்ளையாரைக் காட்டித் தந்தன். ஆனா அதைச் சாட்டி வராம நிக்கப் போறாரெண்டா, அதை என்னிட்டச் சொல்லச் சொல்லுங்க. அப்பாவுக்கு நான் சொல்லுவன்.

மாமி வாசல் பக்கம் திரும்பி லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பின்னேரம்தான் எனக்கு விசயம் தெரிந்தது. சுதாகரன் மோட்டார்சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தான். மதுஷனும் நானும் இன்னும் இரண்டு வருச வேலைக்குக் கையெழுத்து வச்சாச்சு, மே மாசமே முடிஞ்ச விசயம் என்று சாதாரணமாகச் சொன்னான். உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன் என்றான்.

இரண்டு வருடம் டோகாவில் நிற்கப் போகிறவனுக்கு ஹயர் ஓட வாகனம் எதற்கு? நீ என்னை வாகனம் பார்க்க அனுப்பவில்லை. பிழை ஒன்று பார்த்துக்கொண்டு வர அனுப்பியிருக்கிறாய். நானும் உண்மையென்று நம்பி ஸ்கானரோடு போயிருக்கிறேன்.

சரி, பிழையைக் கேள். பற்றரியில் பாதி போய்விட்டது, மற்றப் பாதி தேறும். மாற்றினால் அந்த ஜீப் இன்னும் பல வருடம் ஓடும். இது திருத்தக்கூடிய பழுது. இதைக் காரணமாகக் காட்டி ஒரு கலியாணத்தை நிறுத்துவதற்கு என் பெயரையும் தொழிலையும் நான் தரமாட்டேன். கோணாமலையிடம் போய் உனக்காக ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

வேறு காரணம் இருந்தால் இருக்கட்டும். கடனோ, வேறு பெண்பிள்ளையோ, பயமோ, நான் கேட்கவில்லை. அவளிடம் சொல். அவள் அழுவாள் என்று யோசிக்காதே. அழுகிற ஆளாகத் தெரியவில்லை. கேள்வி கேட்பாள். அதுதான் உனக்குக் கஷ்டம் என்று நினைக்கிறேன். வருவதாக இருந்தால் வா, பற்றரியை நான் கூலியில்லாமல் மாற்றித் தருகிறேன். வருவதில்லை என்றால் சுணங்காமல் சொல். கோணாமலை வீட்டில் நீங்கள் இருவரும் இருக்கவென்று கட்டிய அறைக்கு இப்போதுதான் மாபிள் பதிக்கிறார்கள். பாதி முடிந்துவிட்டது.

தேகத்தைக் கவனித்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியும் கொஞ்சம் துணிவும் தரட்டும். இதை வாசித்து முடித்ததும் எனக்கு எடுக்காதே. அவளுக்கு எடு.

இப்படிக்கு,
இன்னும் உன் நண்பன்,
கிரிசாந்த்