உப்பு எந்தக் கிண்ணத்தில்?

என்னங்க,

ஃப்ரிட்ஜுல ரெண்டு கிண்ணம் இருக்கு. வெந்தயம் அரைச்சுக் கலந்த தயிர் உங்க பொடுகுக்கு. வெறும் தயிர் மத்தியானச் சோத்துக்கு. உப்பை எதுல போட்டேன்னுதான் தெரியலை. நேத்துப் போட்ட சண்டையையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். எதுக்கும் நாக்குல வெச்சுப் பாருங்க. உப்புக் கரிச்சா தலையில தடவாதீங்க, சொறிஞ்ச இடமெல்லாம் எரியும். எலுமிச்சை பிழியணும்னு அக்கா சொல்றா, பிழியவே கூடாதுன்னு அண்ணி சொல்றாங்க. நான் பிழியலை. பிழிஞ்சேனா?

கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்க.

பி.கு: எனக்கும் ஒட்டிக்கும்னு கத்தி உங்களை ஹாலுக்குத் துரத்தினேனே, காலையிலிருந்து என் தலையும் அரிக்குது. ராத்திரி முழுக்க உங்க தலையணையைக் கட்டிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். வெந்தயத்துல பாதி எனக்கு வையுங்க.