கேட்கத் தயங்கிய கேள்வி

போர்ட் பிளேர்
ஆகஸ்ட் 1964

அன்புள்ள அம்மாவுக்கு, பக்தவத்சலம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் முஸ்லிமானதைச் சொன்ன கடிதத்துக்குப் பதில் வரவில்லை; கப்பல் தாமதமாக இருக்கும்.

கேட்க வெட்கப்பட்டு, பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தே தொழுதுவந்தேன். நேற்று என் பக்கத்தில் நின்றவர் அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகில் பிந்தி வந்தவர். எல்லோரும் முடித்ததும், தனக்கு விட்டுப்போனதைத் தொழ எழுந்தார். முழுதும் தொழுதிருந்த நானும் கூடவே எழுந்துவிட்டேன்.

"கேட்டிருக்கலாமே பாய்" என்றார், பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் நஜிமுதீன். பிறகு மனதிலிருந்ததையெல்லாம் இமாமிடம் கேட்டேன். கிளம்பவிருந்தவர்களும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"இதுல பாதி எனக்கும் தெரியாது. பொறந்ததுலேருந்து முஸ்லிம், போய்க் கேட்டா சிரிப்பாங்களேன்னு இருந்துட்டேன்" என்றார் நஜிமுதீன்.

கடைசியாக, அம்மா வீட்டில் சாப்பிடலாமா என்றேன். "தாராளமா. மொதல்ல போய் அவங்களைப் பாருங்க" என்றார் இமாம்.

யாராவது கப்பலேறினால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். உறையில் பழைய பெயரையே எழுதுங்கள், வந்துசேரும்.

கப்பலுக்குத் தபால் கட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் இமாமிடம் கேட்க முடியவில்லை. நான் வந்தால், உள்ளே கூப்பிட்டு இலை போடுவீர்களா?

உங்கள் மகன்