நூற்றுக்கு நூறு வாங்கிய காடு

அன்புள்ள அம்மாவுக்கு, ஈரேழு பதினான்கு உலகத்துக் காடுகளுக்கும் மதிப்பெண் போடும் மகாராஜனான உன் கடைக்குட்டி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் யானையைத் தூக்கும் சுகம்.

அரசுக் காடுகளில் எது குறைந்த செலவில் நன்றாகக் காக்கப்படுகிறது என்று அளக்கிறேன் அல்லவா? இந்தக் காடு நூற்றுக்கு நூறு! ஒரு மரம்கூடத் திருட்டுப் போகவில்லை. காவலர் அறையிலிருந்த ரோந்துப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

"காவலர் எங்கேப்பா?" என்றேன்.

"அவர் செத்து மூணு வருஷமாச்சு சார். வேற ஆளே போடல," என்றார் ஜீப் டிரைவர்.

சம்பளம் வாங்காமல் உழைக்கும் அரசு ஊழியரை யார் கண்டது! சிரித்தபடி கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கங்களில் இருந்த அதே கையெழுத்தில் இன்றைய தேதி. "அளக்க வந்தவர்: ஒருவர்." வந்தவர் திரும்பிய நேரத்துக்கான கட்டம் மட்டும் காலி.

பயமெல்லாம் இல்லையம்மா. ஒரு மாதம் அந்த அறையில்தான் தங்கல். உனக்குக் கடும் காய்ச்சல் என்று பொய்யாக ஒரு வரி எழுதிப் போடேன், லீவு கேட்கிறேன். அந்தத் திரும்பிய நேரத்தை என் கையால் எழுத ஆசை.

என்னை இங்கே விட்டுவிட்டு ஜீப் கிளம்புகிறது. இப்போதைக்குக் கடிதம் மட்டும் வருகிறது.